பி-ஏழு இருக்கிறதா?

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் ஒரு நண்பர். பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர். டீ ஆறுவதைக்கூடக் கவனிக்காமல், தனக்குத் தெரிந்த ஒரு தம்பதியைப் பற்றிச் சொன்னார். கணவன் கணினியில் உயிர்ச்செல்லுக்கு மாதிரி கட்டுபவன். மனைவி ஆய்வுக்கூடத்தில் அதே செல்லை வளர்ப்பவள். (நண்பரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவரோடு பிறகு கொஞ்சம் வேலை இருக்கிறது.)

2

முதல் தொடக்கம்: “ஒவ்வொரு செல்லும் ஒரு பிரபஞ்சம், அதனுள்ளே...” சே, பாடப்புத்தகம்! அடித்துவிட்டேன்.

இரண்டாவது: “அவன் திரையில் பெட்டிகளை இழுத்து இழுத்துப் போட்டான்.” இது தேவலை. அவனுடைய மென்பொருளில் வேலையே அதுதான். ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு பெட்டி. எது எதைத் தூண்டுகிறது, எது எதை அடக்குகிறது என்று காட்ட அம்புக்குறிகள். ஒவ்வொரு அம்புக்கும் ஒரு வேகம். பொத்தானை அமுக்கினால் மென்பொருள் சமன்பாடுகளைத் தீர்த்து ஒரு வளைகோடு வரையும். செல்லின் வெளிச்சுவரில் வந்து தட்டிய செய்தி, உள்ளே உட்கருவுக்கு எப்போது போய்ச் சேரும் என்பதை அந்தக் கோடு சொல்லும்.

எனக்குக் கணக்கு என்றாலே காய்ச்சல் வரும். ஆனாலும் அந்தக் கோடு எழும்பியதை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். (பார்த்தேனா? நண்பர் பார்த்தாராம்.)

3

அவன் வரைந்த கோடு அவசரக்குடுக்கையாக இருந்தது.

“உங்க செல்லுக்கு என்ன அப்படி அவசரம்? என்னோடது ஆற அமரத்தான் பதில் சொல்லுது” என்று மனைவி கிண்டலடித்தாள்.

அவன் நடுவில் ஒரு பெட்டியைச் செருகினான். பெயர் பி-ஏழு. அப்படியொரு புரதத்தை யாரும் கண்டதில்லை. ஆனால் செய்தி அங்கே சற்றுத் தங்கிப் போனால், கோடு அவள் அளந்த அளவுகளோடு கச்சிதமாகப் பொருந்தியது. ஊகம் என்று தெரிவதற்காக அந்தப் பெட்டிக்கு மட்டும் புள்ளிக்கோட்டில் ஓரம் போட்டான். இதில் தப்பில்லை, இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான்.

பிறகு கோப்பை அவளுடைய கூடத்தில் புழங்கும் வேறொரு மென்பொருளுக்கு மாற்றி அனுப்பினான். பெட்டிகள் போய்ச் சேர்ந்தன, அம்புகள் போய்ச் சேர்ந்தன. புள்ளிக்கோடு போய்ச் சேரவில்லை. பி-ஏழும் மற்றப் பெட்டிகளைப் போலவே முழுக்கோட்டுக்குள் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

அவள் அதைத் தேடத் தொடங்கினாள். யாரோ கண்டுபிடித்ததைத்தான் கணவன் போட்டிருக்கிறான் என்று அவள் நினைத்தாள். ஊகம் என்று தெரிந்தேதான் தேடுகிறாள் என்று அவன் நினைத்தான். ஒரே வீட்டில் இருப்பவர்கள் இதையெல்லாம் கேட்டுக்கொள்வார்களா என்ன? பி-ஏழு கிடைத்தால்தான் அவளுக்கு வேலை நீடிக்கும் என்று ஆய்வுக்கூடத் தலைவி சொல்லியும் விட்டார். போன வாரம்தான் அவன் தற்செயலாக அவள் திரையை எட்டிப் பார்த்தான். பி-ஏழைச் சுற்றி முழுக்கோடு!

4

இந்தக் கணவன் பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம். தெரிந்தவுடன் ஏன் சொல்லவில்லை?

“சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே, மாப்பிள்ளை?”

“எப்படிச் சொல்றது, மச்சான்? அவ வேலையே அதுல...”

மாட்டிக்கொண்டேன். சரி, நண்பர் என்று யாரும் கிடையாது. உண்மை உங்களிடம் சற்றுத் தங்கி வரட்டும் என்று நான் நடுவில் செருகிய பெட்டி அவர். புள்ளிக்கோடு போடாதது என் தப்பு. அவள் என் தங்கை, அவன் அவளைக் கட்டியவன்.

“அவ வேலையே அதுல தொங்குது, மச்சான். ‘உங்க பி-ஏழு என்னைப் பாடாப் படுத்துது’ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றா. எனக்குச் சோறு இறங்கல. நாளைக்குச் சொல்லிடறேன்.”

அந்த நாளைக்கு இன்னும் வந்தபாடில்லை.

5

முடிவு அ: அவன் சொல்கிறான், அவள் தட்டை விசிறி... (இல்லை. என் தங்கை விசிறுகிறவள் அல்ல. பேசாமல் இருப்பாள். அது இன்னும் மோசம்.)

முடிவு ஆ: பி-ஏழு உண்மையிலேயே இருந்துவிடுகிறது. (சினிமா! காலையில் இதை அடித்துப் போட்டேன். மத்தியானம் தங்கை கூப்பிட்டாள்.)

“அண்ணா, ஒரு கோடு தெரியுது!”

“என்ன கோடு?”

“பி-ஏழுக்கு முன்னாடி இருக்கிற புரதத்தைப் பிடிச்சு இழுத்தா, கூடவே ஒண்ணு ஒட்டிக்கிட்டு வருது. புரதங்களைப் பிரிச்சு எடுத்த படத்துல மங்கலா ஒரு கோடு. இங்க எல்லாரும் அழுக்குங்கிறாங்க. எனக்கு அப்படித் தெரியல.”

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. அடுத்த நொடியே வேறொன்று தோன்றியது. இருந்தே தீரும் என்று நம்புகிற கண் அழுக்கைக்கூடப் பி-ஏழு என்று சொல்லும். வெறும் ஊகம் என்று தெரிந்த கண் பி-ஏழையே அழுக்கு என்று ஒதுக்கிவிடும். அவள் எந்தக் கண்ணால் பார்க்க வேண்டும்?

எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவள் அவள். நானோ மாப்பிள்ளையோ இல்லை.

6

என் கதைகளை முதலில் படிப்பவள் அவள்தான். “இது பொய்ண்ணா” என்று ஓரத்தில் எழுதித் தருவாள். சாயங்காலம் மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன்.

“நீங்க சொல்றீங்களா, கதையை அனுப்பவா?”



“அனுப்புங்க, மச்சான். அவ படிக்கிறப்போ நான் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கேன்.”

ஆகவே, வாலு, இதுவரை வந்துவிட்டாய். பி-ஏழு உன் வீட்டுக்காரர் ஊகித்துப் போட்ட பெட்டி. பக்கத்தில்தான் இருக்கிறார், திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள். முதலில் அந்தப் படத்தை எடு. இப்போது எல்லாம் தெரிந்துவிட்டதல்லவா, இந்தக் கண்ணோடு ஒருமுறை பார். கோடு இன்னும் இருக்கிறதா?

இருந்தாலும் எழுது, இல்லாவிட்டாலும் எழுது. கீழே இடம் விட்டிருக்கிறேன்.

7

. . . . . . . . . . . . . . .