பிடிகம்பிக்கு ரெண்டு குழி

டீச்சரம்மாவுக்குக் கோவம் வந்தா குரல் ஏறாது, இறங்கும். அன்னைக்கு அது பாதாளத்துக்கே போயிடுச்சு.

விஷயம் இதுதான். வீட்டுக்குப் பின்னாடி நீச்சல் குளத்தச் சுத்தியிருந்த பழைய தளம் பல்லிளிச்சுப் போச்சு. அத ஒடச்சுட்டு கான்கிரீட் ஊத்தி, இறுகறதுக்குள்ள ரப்பர் அச்ச வச்சு அமுக்கினா அசல் கருங்கல் பாவுன கணக்கா வருமாம். அவ வீட்டுக்காரர், சிநேகிதர் வீட்ல பாத்துட்டு வந்து ஒரு மாசமா அதே பேச்சு. டீச்சரம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா, குளத்துல ஏறி இறங்கப் பிடிச்சுக்கற கம்பி பழைய இடத்துலயே வேணும்னு. இடுப்புல ஆபரேஷன் பண்ணவ. தினமும் தண்ணிக்குள்ள நடந்தாத்தான் மறுநாள் வகுப்புல நிக்க முடியும். "வச்சுட்டாப் போச்சு"ன்னாரு மனுஷன்.

காப்பி டம்ளரோட வந்து பாக்குறா, மொத்தமும் ஊத்தி மட்டம் தட்டி கலர் பொடியும் தூவியாச்சு. கம்பியச் சொருகற ரெண்டு குட்டை பைப்பும் செடியோரம் அநாதையாக் கெடக்கு.

"மேஸ்திரி, இது ஏன் இங்க கெடக்கு?"

மேஸ்திரி தலையச் சொறிஞ்சாரு. "சார்தான் வேண்டாம்னாரும்மா. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"ஆஸ்பத்திரி வராண்டா கணக்கா கம்பி எதுக்குடி?"ன்னாரு வீட்டுக்காரர். "நான் கையப் பிடிச்சு இறக்கி விடறேன்."

"நீங்களா? ஆபரேஷனப்ப மூணு நாள் பிடிச்சீங்க. நாலாம் நாள் மேட்ச் பாக்க ஓடினீங்க. கம்பி எங்கயும் ஓடல."

மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பி இருமினாரு.

"சரி விடு, காஞ்சப்புறம் துளை போட்டுக்கலாம்."

"இந்த அழகுல துளை போட விடுவீங்களா? என் மண்டையில வேணா போடச் சொல்வீங்க. மேஸ்திரி, எவ்ளோ நேரம் இருக்கு?"

அவரு விரல வச்சு அமுக்கிப் பாத்தாரு. "கால் மணி நேரம்மா. அப்புறம் அச்சு பதியாது."

"பைப்ப வைங்க."

"வைக்காதீங்க மேஸ்திரி!"

பாவம், அந்த மனுஷன் ரெண்டு பேரு மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு நிக்கறாரு. கான்கிரீட் பாட்டுக்கு இறுகுது.

டீச்சரம்மா டம்ளரத் தரையில வச்சா. ரெண்டு பைப்பையும் எடுத்தா. செருப்போட நேரா ஈரத் தளத்துல நடந்துபோயி, குளத்து ஓரத்துல வலிக்கற இடுப்பப் பிடிச்சுக்கிட்டு மண்டி போட்டு, ஒண்ண நங்குன்னு எறக்கினா. அடுத்ததையும் எறக்கினா.

"ஐயையோ! என் டிசைனு!" வீட்டுக்காரர் அலறினது நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும். "மேஸ்திரி, அதப் பிடுங்குங்க!"

"பிடுங்கினா பள்ளம் விழும் சார். ரொப்பிக்கிட்டு உக்காந்தா மொத்தத் தளமும் கையவிட்டுப் போயிடும்." சொல்லிக்கிட்டே மேஸ்திரி பலகையப் போட்டு, அவளத் தூக்கி விட்டு, மட்டம் வச்சு பைப்ப நிமித்தினாரு. செருப்புத் தடத்த அவசரமாத் தேச்சு விட்டு அச்ச அமுக்க ஆரம்பிச்சாரு.

டீச்சரம்மா முழங்கால்ல சிமெண்டோட பக்கத்துலயே நின்னா, நல்லா இறுகற வரைக்கும்.

"சமையல்?"னாரு வீட்டுக்காரர், மத்தியானம்.

"உங்க டிசைனு போடும், போய்ச் சாப்பிடுங்க"ன்னா.