வாய் திறக்கும் நாய்

ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். அடுப்பில் தண்ணீர் வைத்தேன். பல் தேய்த்தேன். கொதித்த தண்ணீரில் காப்பித்தூளைப் போட்டுவிட்டு, அது அடியில் தங்கும்வரை ஜன்னல் பக்கம் நின்றேன். முகம் மழித்தேன். வேலைக்குப் போடும் சட்டையை இஸ்திரி போட்டேன். நாயின் தட்டில் தீனியைக் கொட்டினேன். சுவரில் செருகியிருந்த சார்ஜரிலிருந்து ரிமோட்டை எடுத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ரிமோட்டுக்கு இப்போது வேலை எதுவும் இல்லை. அதற்குரிய காலர் நான்கு மாதமாக இழுப்பறையில் கிடக்கிறது. இருந்தாலும் தினமும் சார்ஜ் போடுகிறேன்.

ஆறரைக்கு மச்சானின் வண்டி வாசலில் வந்து நின்றது. என் மனைவியின் அண்ணன். வழக்கமாக இரண்டு முறை ஹாரன் அடிப்பார். அன்று அடிக்கவில்லை.

“எழுந்தாச்சா மாப்ள?”

“எழுந்தாச்சு. காப்பி இருக்கு மச்சான்.”

“வேண்டாம். உங்க காப்பியைக் குடிச்சா ரெண்டு நாளைக்குத் தூக்கம் வராது. எனக்கு இருக்கற தூக்கமே கொஞ்சம்தான்.”

உட்காரவில்லை. நாயைப் பார்த்தார். நாய் தட்டை விட்டுவிட்டு மேசைக்கு அடியில் போய்ப் படுத்தது.

மச்சானின் தொழில் முயல் பிடிப்பது. ஆரஞ்சுத் தோட்டங்களில் முயல்கள் புதுக் கன்றுகளின் பட்டையைக் கொறிக்கும். தண்டைச் சுற்றிக் கொறித்துவிட்டால் கன்று பிழைக்காது. தோட்டக்காரர்கள் கூப்பிட்டால் மச்சான் நாய்களோடு போவார். அவருடைய நாய்கள் சத்தமே இல்லாமல் ஓடும். குரைத்தால் நாய் எங்கே வருகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று முயலுக்குத் தெரிந்துவிடும். நேராக வளைக்குள் போய்விடும். அதைவிட மோசம், ஒரு நாய் வாய் திறந்து குரைத்தால் அதோடு ஓடுகிற நாய்களும் கற்றுக்கொள்ளும்.

வாய் திறக்கும் நாயை அந்தத் தொழிலில் யாரும் விற்க மாட்டார்கள். சும்மாவும் கொடுக்க மாட்டார்கள். அதன் குட்டிகளும் வாய் திறக்கும், எங்கே வாங்கியது என்று கேள்வி வரும், பெயர் கெடும். வளர்த்தவரே அதைச் சுட்டு முடித்துவிட வேண்டும் என்பது அவர்களுக்குள் வழக்கம்.

இந்த நாய் ஒன்பதாவது மாதத்தில் வாய் திறந்தது. மச்சான் அதை வண்டியில் ஏற்றியபோது என் மனைவியும் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாளாம். முதலில் என்னைச் சுடு, அப்புறம் இதைச் சுடு என்றாளாம். வீட்டுக்குக் கூட்டிவந்து ரேடியோ என்று பெயர் வைத்தாள். மச்சான் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அதன் வாயை மூட வைக்க வேண்டும்.

அந்த வேலை என்னிடம் வந்தது. நான் பழம் தரம் பார்க்கும் கூடத்தில் இருக்கிறேன். பெட்டிக்கு ஒரு பழம் எடுத்து, அறுத்து, ஒரு சொட்டுச் சாற்றை மீட்டரில் விட்டு, சர்க்கரை எவ்வளவு என்று எழுதுவேன். எழுதிவைத்தால் எதையும் சரிசெய்துவிடலாம் என்பது என் எண்ணம். காலர் வாங்கினேன். பட்டனை அழுத்தினால் நாயின் கழுத்தில் சுரீரென்று மின்சாரம் பாயும். எண்ணூறு மீட்டர் வரை வேலை செய்யும். ஒரு நோட்டும் போட்டேன். முதல் நாள் நாற்பத்தொரு குரைப்பு. இருபதாம் நாள் பதினாறு. ஐம்பத்து மூன்றாம் நாள் பூஜ்யம்.

“காலேஜ் படிச்ச மாப்ளன்னா சும்மாவா? நாய்க்கே பரீட்சை வெச்சு பாஸ் போட்டுட்டாரு,” என்றார் மச்சான். “ரேடியோவுல இனிமே ஊமைப்படம்தான்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“வாசல்ல ஆள் வந்தாக்கூட இப்ப என் மூஞ்சியத்தான் பாக்குது,” என்றாள். “குரைக்கலாமான்னு கேக்கற மாதிரி.”

அதற்கு மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, அவள் நாயோடு தோட்டத்துப் பக்கம் நடக்கப் போனாள். திரும்பி வரவில்லை. ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்த மச்சான் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, வேலையில் இருந்த எனக்குப் போன் செய்தார். அவர், நான், கூடத்து ஆட்கள் ஆறு பேர் தேடினோம். மர வரிசைகளுக்கு நடுவே அவளைக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தோம். மச்சான் நாயையும் கூப்பிட்டார். தோட்டத்தின் கடைசியில் பயன்படாத பம்ப் குழி ஒன்று உண்டு. மூடியிருந்த பலகைகள் உளுத்து, மேலே புல் வளர்ந்திருந்தது. அதை நாற்பது அடி தள்ளி இரண்டு முறை கடந்துபோயிருக்கிறோம். நாய் குழியின் விளிம்பில் புல்லுக்குள் படுத்திருந்தது. நாங்கள் கூப்பிட்டதை அது கேட்டிருக்க வேண்டும். ஒரு சத்தம் போடவில்லை.

பதினொன்றே காலுக்குத்தான் குழிக்குள் விழுந்து கிடந்த அவளைக் கண்டுபிடித்தோம். மருத்துவமனையில் டாக்டர், “ஒரு பத்து மணிக்குள்ள கொண்டுவந்திருந்தா,” என்று ஆரம்பித்தார். 

மச்சான் அன்றிலிருந்து ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார். “அந்த நாய் ஒரு குரல் கொடுத்திருந்தா அவ இன்னைக்கு இருப்பா.” என்னை அவர் குறை சொன்னதில்லை. பழக்கச் சொன்னவரே அவர்தான். நான் பதில் சொன்னதில்லை.

காலரைக் கழற்றிவிட்டேன். சில வாரங்களில் ரேடியோ மறுபடி வாய் திறந்தது. கதவு திறந்திருந்தால் தோட்டத்துக்குள் பாயும், முயலைத் துரத்தும், துரத்துகிற நேரமெல்லாம் குரைக்கும்.

“மூணு தோட்டக்காரங்க போன் பண்ணிட்டாங்க,” என்றார் மச்சான். “விடியறதுக்கு முன்னாடியே கச்சேரி ஆரம்பிச்சுடுதாம். அதைக் கேட்டு நேத்து என் நாய் ஒண்ணும் வாயைத் திறந்துடுச்சு. நல்ல நாய் மாப்ள அது.”

“நான் கட்டிப் போடறேன்.”

“எத்தனை நாளைக்கு? இன்னைக்கு ஒரு ஓட்டம் விட்டுப் பார்ப்போம். வாயை மூடிட்டு ஓடினா நான் இதைப் பத்திப் பேசவே மாட்டேன். திறந்துச்சுன்னா என் வண்டியில ஏறும். அவ்வளவுதான்.”

“மச்சான்...”

“காலரை எடுத்துட்டு வாங்க. நான் ஒண்ணும் ஈவு இரக்கம் இல்லாதவன் இல்ல. பட்டன் உங்க கையிலதான இருக்கு. அழுத்துங்க, அது வாயை மூடட்டும், உங்ககூடவே இருந்துட்டுப் போகட்டும்.”

இழுப்பறையைத் திறந்து காலரை எடுத்தேன். ரேடியோ மேசைக்கு அடியிலிருந்து வந்து தானாகவே கழுத்தை நீட்டியது. முன்பைவிட ஒரு துளை இறுக்கி மாட்ட வேண்டியிருந்தது. இளைத்திருக்கிறது.

வண்டியில் கிளம்பினோம். சீட்டுக்குப் பின்னால் துப்பாக்கி துணி உறையில் இருந்தது. திருப்பங்களில் அது தகரத்தில் இடித்தது.

புதுக் கன்றுகள் நட்ட தோட்டம். முயல் கொறிக்காமலிருக்க ஒவ்வொரு கன்றின் அடியிலும் வெள்ளைக் குழாய் மாட்டியிருந்தார்கள். குழாய் போதாமல் போன கடைசி மூன்று வரிசைகளில் தண்டுகள் சுற்றிலும் வெள்ளையாகத் தெரிந்தன. முயல்கள் கொறித்து முடித்துவிட்டன. மச்சான் ஒரு கன்றைக் காலால் தள்ளினார். சாய்ந்துவிட்டது.

“விடுங்க,” என்றார்.

ரேடியோவை விட்டேன். புல்லில் மூக்கை வைத்து ஒரு வரிசை முழுக்கப் போனது. திரும்பியது. இரண்டாவது வரிசையின் நடுவில் முயல் எழுந்தது. நாய் பாய்ந்தது. முப்பது மீட்டர்வரை சத்தமில்லை. மச்சான் தலையை ஆட்டினார், பரவாயில்லையே என்பதுபோல.

பிறகு வாய் திறந்தது.

ஒன்று. இரண்டு. நான் பழக்கத்தில் எண்ணிக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் சட்டைப் பைக்குள் பட்டன் மேல் இருந்தது.

“அழுத்துங்க,” என்றார் மச்சான்.

மூன்று. நான்கு.

“மாப்ள, காது கேக்கலையா? அழுத்துங்க!”

ரிமோட்டை வெளியே எடுத்தேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வண்டியின் முன்பக்கத் தகரத்தின் மேல் வைத்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

முயல் வேலியோரம் வளைக்குள் போய்விட்டது. ரேடியோ வளையின் வாயில் நின்று குரைத்தது. நான் எண்ணுவதை நிறுத்தியிருந்தேன்.

 மச்சான் வண்டிக் கதவைத் திறந்து சீட்டை முன்னால் தள்ளி உறையை எடுத்தார். அதன் முடிச்சை அவிழ்க்க நேரமானது.  தங்கை வளர்த்த நாய். குண்டைப் போட்டு மூடினார்.

“நீங்க அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க மாப்ள.”

“அன்னைக்கு அது குரைச்சது,” என்றேன்.

“என்னைக்கு?”

“சனிக்கிழமை. எட்டு பத்துக்கு. ரெண்டு தடவை. நான் ஷூ லேஸ் கட்டிட்டிருந்தேன். தோட்டத்துக் கடைசியிலேர்ந்து கேட்டுது.”

அவர் என் பக்கம் திரும்பினார்.

“முயலைப் பாத்துடுச்சுன்னு நினைச்சேன். பட்டனை அழுத்தினேன். மூணாவது குரைப்பு வரல. மூணு வாரமா பூஜ்யம் எழுதிட்டிருந்தேன். அன்னைக்கு ரெண்டுன்னு எழுதிட்டு வேலைக்குப் போனேன்.”

“எட்டு பத்துக்கு.”

“ஆமா.”

“நான் அந்தத் தோட்டம் பூரா அதைக் கூப்பிட்டேனே.”

“அதுக்குக் கேட்டிருக்கும். வாயைத் திறந்தா என்ன ஆகும்னும் தெரியும். நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.”

ரேடியோ வளையை விட்டுவிட்டு எங்களை நோக்கி ஓடிவந்தது. நாக்கு தொங்கியது. வண்டி நிழலில் படுத்தது. மச்சான் அதை வெகுநேரம் பார்த்தார். குனிந்து, ஒற்றைக் கையால் காலரைக் கழற்றி எறிந்தார்.

“நாயை முன் சீட்டுல ஏத்திக் கதவைச் சாத்துங்க,” என்றார். “அது மேல தப்பில்ல.”

ஏற்றினேன். சாத்தினேன். திரும்பியபோது துப்பாக்கி அவர் கையில்தான் இருந்தது. தோட்டத்தில் வேறு யாரும் இல்லை. அவர் இப்போது நாயைப் பார்க்கவில்லை.

“துக்கத்துக்கு வந்த எல்லார்கிட்டயும் ஒண்ணு சொன்னீங்க,” என்றார். “'சாயங்காலம் சீக்கிரம் வந்துடுங்க'ன்னு சொல்லிட்டுப் போனாள்னு. எங்க அம்மா இன்னும் அதைச் சொல்லித்தான் அழறாங்க.”

“அது நானா சொன்னது.”

“அப்ப அவ என்ன சொன்னா?”

நான் வண்டியின் மேல் இருந்த ரிமோட்டைப் பார்த்தேன்.

“கேக்கறேன்ல? நிஜமா என்ன சொன்னா?”

அவள் வாசலில் ஒரு காலில் நின்று செருப்பின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். நாய் முன்னாலேயே படியிறங்கிவிட்டது. என் சட்டைப் பையைப் பார்த்துத்தான் சொன்னாள். அதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

“அந்தப் பட்டனைத் தொடாதீங்க. இன்னைக்கு நாங்க வேட்டைக்குப் போகல, சும்மா நடக்கத்தான் போறோம்.”