மாணிக்கராஜின் தேனீக்கள்

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துக் கிறிஸ்தவக் கோயிலில், அறுப்பின் பண்டிகையன்று பீடத்தின் முன்னே எவனுடைய பூசணிக்காய் உட்காருகிறதோ, அடுத்த பண்டிகை வரை அவன்தான் ராஜா. சில வருடங்களாக அந்த ராஜா, பக்கத்துக் காம்பிரா வீட்டு றிச்சர்ட். இந்த முறை அவனை விடுவதில்லை என்று மாணிக்கராஜ் கங்கணம் கட்டிக்கொண்டார்.

போன வருடம் அவருடைய பூசணி எல்லாம் பிஞ்சிலேயே வெம்பி விழுந்தன. தேனீ வராததுதான் காரணம் என்று யாரோ சொல்ல, வெலிமடையிலிருந்து திருநீற்றுப்பச்சிலைக் கன்றுகளை வாங்கிவந்து கொடியைச் சுற்றி நட்டார். அது பூத்ததும் லயத்து வீட்டு வரிசையே மணத்தது. தேனீக்கள் கல்யாண வீட்டுக்கு வருவதுபோல் கூட்டமாக வந்தன. மாணிக்கராஜுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் அந்த விருந்தாளிகள் அவர் வீட்டில் குடித்துவிட்டு, வேலி தாண்டி றிச்சர்டின் பூசணிப் பூவுக்கும் போவதை ஒருநாள் பார்த்துவிட்டார். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“நான் செடி வச்சு வரவழைச்ச ஈ, அவன் கொடியில போயி ஊழியம் பண்ணுதே!”

“அதுக்கு வேலி தெரியுமாங்க?” என்றாள் மனைவி பவுலினா.

“தெரிய வைக்கிறேன்.”

டெங்குக் காலத்தில் யாரோ இலவசமாகக் கொடுத்த கொசுவலைகள் பெட்டியில் கிடந்தன. அந்தக் குளிரில் அவை ஒரு கொசுவையும் பார்த்ததில்லை. பொழுது சாய்ந்ததும் மாணிக்கராஜ் செடி, கொடி எல்லாவற்றையும் சேர்த்து மூடி இறுக்கிக் கட்டினார். தேனீக்கள் பூவுக்குள்ளேயே தூங்கும் என்பது அவர் நினைப்பு. அவையோ வேலை முடிந்து எப்போதோ கூட்டுக்குப் போய்விட்டன. காலையில் வந்து வலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தன. பிறகு மொத்தமாக றிச்சர்ட் பக்கம் போய்விட்டன.

வலையைக் கழற்றியிருக்கலாம். கழற்றினால் றிச்சர்ட் சிரிப்பானே! மானஸ்தர் கழற்றவில்லை. பிஞ்சுகள் ஒவ்வொன்றாக வெம்பி விழுந்தன. கடைசிப் பிஞ்சும் விழுந்த அன்று றிச்சர்ட் வேலியோரம் வந்து நின்றான்.

“அண்ணே, அந்த வலைங்க இனி சும்மாதானே கெடக்கும்? நம்ம காய கொரங்கு வந்து நோண்டுது. தந்தீங்கன்னா மூடிருவேன்.”

மாணிக்கராஜ் வீட்டுக்குள் போய்விட்டார். பவுலினாதான் அவிழ்த்துக் கொடுத்தாள்.

பண்டிகையன்று றிச்சர்டின் பூசணியை இரண்டு பேர் தூக்கிவந்து பீடத்தின் முன் வைத்தார்கள். மாணிக்கராஜ் வீட்டுக் காணிக்கை, பூவும் இலையுமாக ஒரு கட்டு திருநீற்றுப்பச்சிலை. போதகர் அதை முகர்ந்து பார்த்து, நல்ல வாசம் என்று மெச்சி, றிச்சர்டின் பூசணிக்கு மேலேயே அலங்காரமாக வைத்துவிட்டார். ஜெபம் நடக்கும்போது ஜன்னல் வழியாக ஒரு தேனீ வந்து அந்தப் பூவில் உட்கார்ந்தது.

மாணிக்கராஜ் கண்ணைத் திறந்துவிட்டார்.

“பாத்தியா, அது நம்ம ஈ” என்றார் மனைவியின் காதில்.

“ஆமாங்க” என்றாள் பவுலினா, மூடிய கண்ணைத் திறக்காமலே. “போயி கூப்பிட்டுப் பாருங்க.”