கடைவீதித் தியேட்டரின் நீளம்

கடைவீதித் தியேட்டர் செவ்வாய்க்கிழமை நூற்றிருபது அடி நீளம் இருந்தது. புதன்கிழமை நூற்றிருபத்தாறு அடி இருந்தது. இரண்டும் நகராட்சிப் பதிவேட்டில் ஒரே கையெழுத்தில் இருக்கின்றன. எழுதியவர் சர்வேயரம்மா. இருபத்தாறு வருடப் பணியில் ஒருமுறைகூட அளவு பிசகாதவர் என்பதால் ஊரே அவரை 'அங்குலம்' என்றுதான் அழைத்தது. சொந்தத் தம்பி கட்டிய சுற்றுச்சுவர் மூன்று விரற்கடை தெருவுக்குள் வந்துவிட்டது என்று எழுதி, அதை இடிக்க வைத்தவர் அவர். அதிலிருந்து ஏழு வருடமாகத் தம்பி அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்தத் தியேட்டரைக் கட்டியவர் ஒரு குடை வியாபாரி. மழையே பெய்யாத ஒரு வருடத்தில் வேறு வேலை இல்லாமல் கட்டத் தொடங்கினார். முதலில் நாடகங்கள் நடந்தன. கதாநாயகிக்குத் தொண்டை கட்டிக்கொண்ட நாட்களில் மீதிப் பாட்டைத் திரைச்சீலையே பாடியது, அதற்குத் தனியாகக் கைதட்டலும் கிடைத்தது. பிறகு ஊமைப் படம், பேசும் படம், நடுவில் நான்கு வருடம் தானிய மூட்டைகள், மறுபடியும் படம். நாற்காலிகள் மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. அவற்றில் பதினேழு மட்டும், படம் பிடிக்காவிட்டால் உட்கார்ந்திருப்பவரை உதறிவிடும் சுபாவம் கொண்டவை. பதினோரு வருடத்துக்கு முன் கூட்டம் குறைந்து கதவைப் பூட்டினார்கள். குடை வியாபாரியின் பேரன்கள் மூன்று பேரும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போனவர்கள் அல்ல. வெள்ளை ஷூ போட்ட ஒருவர் வந்து, இதை இடித்துவிட்டு வண்டி நிறுத்த அடுக்குமாடி கட்டலாம் என்றதும் மூவரும் ஒரே மூச்சில் சரி என்றார்கள்.

இடிக்கும் உத்தரவில் கட்டடத்தின் அளவு இருக்க வேண்டும். வெவ்வேறு நாளில் எடுத்த இரண்டு அளவுகள் ஒத்துப்போக வேண்டும் என்பது சட்டம். அங்குலம் இரும்பு டேப்பால் அளந்தார், துணி டேப்பால் அளந்தார், சிவப்பு ஒளி பாய்ச்சும் கருவியாலும் அளந்தார். நூற்றுப் பத்தொன்பது, நூற்றிருபத்து நான்கு, நூற்றுப் பதினேழு. வாசலில் யாராவது இடிப்பதைப் பற்றிப் பேசிய நாட்களில் கட்டடம் இன்னும் ஒடுங்கியது. நகராட்சிப் பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "மேடம், முடியலைன்னா லீவு போடுங்க" என்றார். அன்று மாலையே தம்பியிடமிருந்து ஏழு வருடத்தில் முதல் போன் வந்தது.

"என்னக்கா, அளவு தப்பிடுச்சாமே?" குரலில் தேன் சொட்டியது.

அங்குலம் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னார். அவர் கணவர் தையல்காரர். சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டே முழுக் கதையையும் கேட்டார்.

"டேப்பைப் பாத்ததும் வயித்தை எக்காத ஆளை நான் பாத்ததே இல்ல. உன் தியேட்டரும் எக்குது. அவ்வளவுதான்."

"கட்டடம் எப்படிங்க எக்கும்?"

"நீ விறைப்பா டேப்போட வந்து நின்னா நானே எக்குவேன். பேச்சுக் குடுத்துகிட்டே அளக்கணும்டி."

மறுநாள் மதியம் இருவரும் பூட்டைத் திறந்து உள்ளே போனார்கள். தையல்காரர் நடு வரிசையில் சாய்ந்து உட்கார்ந்து, பெரிய மனிதர் ஒருவர் மேடையில் குனிந்தபோது அவர் காற்சட்டையின் பின்பக்கத் தையல் விட்டுப்போன கதையைச் சொன்னார். முதலில் நிசப்தம். பிறகு பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பால்கனி குலுங்கியது. சுவர்கள் உப்பின, கூரையிலிருந்து தூசி கொட்டியது, தியேட்டர் மொத்தமும் விழுந்து விழுந்து சிரித்தது. அங்குலமும் சிரித்தார்; சிரித்துக்கொண்டே அளந்தார். நூற்று முப்பத்தோரு அடி, நான்கு அங்குலம். அடுத்த நாள் அதே கதை, அதே சிரிப்பு, அதே அளவு.

ஆக, இரண்டு அளவுகள் ஒத்துப்போய்விட்டன. எழுதினால் தியேட்டர் தரைமட்டம். எழுதாவிட்டால் அவர் அங்குலமே இல்லை. ஊரில் யார் முன்னாலும் தளராத தியேட்டர், தன்னை நம்பி மூச்சை விட்டதே என்று நினைத்தார். நெடுநேரம் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்துவிட்டு, உண்மையை எழுதினார். அதையும் முழுதாக எழுதினார்: 'சிரிக்கும்போது 131 அடி 4 அங்குலம். பயப்படும்போது 117 அடி. சும்மா இருக்கும்போது 124 அடி, ஏறத்தாழ.' ஏறத்தாழ என்ற சொல்லை அவர் பேனா அதற்குமுன் எழுதியதில்லை.

"கட்டடம் சிரிச்சுதுன்னு எழுதியிருக்கீங்களா?" என்றார் பொறியாளர்.

"சிரிச்சுது சார். எழுதினேன்."

வெள்ளை ஷூக்காரர் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இடிக்கும் இயந்திரத்தோடு வந்துவிட்டார். அதன் இரும்புக் கை எழும்பியதும் தியேட்டர் மூச்சை உள்ளே இழுத்தது. முகப்பு பதினான்கு அடி பின்வாங்கியது. இரும்புக் கை காற்றில் வீசிவிட்டு அசட்டுத்தனமாகத் தொங்கியது. திடீரென்று கிடைத்த இடத்தில் எதிர் டீக்கடைக்காரர் இரண்டு பெஞ்சுகளை இழுத்துப் போட்டார். கூட்டம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. அங்குலம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றார். தொண்ணூறு வயதுக் கட்டடம் எவ்வளவு நேரம்தான் மூச்சைப் பிடிக்கும் என்று நிமிடங்களை எண்ணினார்.

ஒன்பது நிமிடம் பிடித்தது. பிறகு விட்டது. பெஞ்சுகள், டீ கிளாஸ்கள், இயந்திரக்காரரின் தொப்பி, வெள்ளை ஷூக்காரரின் காகிதங்கள், கடைசியாக வெள்ளை ஷூக்காரர் என எல்லாமே வரிசையாகக் கடைவீதியில் பறந்து போயின. அவர் விழுந்தது காய்கறிச் சந்தையின் காலிஃபிளவர் குவியலில் என்பதால் காயம் எதுவும் இல்லை. பொறியாளர் சாக்கடை ஓரத்தில் தன் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, "அந்த அளவுத் தாளைக் குடுங்க மேடம், கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார்.

ஒரே அளவில் நிற்காத கட்டடத்தை இடிக்கச் சட்டத்தில் வழியில்லை என்று நகராட்சி மன்றம் முடிவு செய்து, பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் அதைச் சேர்த்தது. மூன்று பேரன்களும் பழையபடி சண்டை போடத் தொடங்கினார்கள். அடுத்த வருடம் தியேட்டர் திறந்தது. சோகப் படம் ஓடும்போது கடைசி வரிசைக்காரர்கள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். யாரும் குறை சொல்வதில்லை. சிரிப்புப் படத்துக்கு டிக்கெட் கிடைக்காதவர்கள் வீடு திரும்பாமல் வாசலிலேயே நிற்பார்கள். உள்ளே முதல் சிரிப்பு எழும். பின்சுவர் நகரும் சத்தம் கேட்கும். டிக்கெட் கிழிக்கும் அம்மா கதவைத் திறந்து, "வாங்க வாங்க, இடம் வந்துடுச்சு" என்பார். அவர்களும் செருப்பைத் தேய்த்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்வார்கள்.