சிறுத்துக்கொண்டே வந்த பின்னறை

பேக்அப் சர்வரில் லாக் ஃபைல் பெருகப் பெருக, அது வைக்கப்பட்டிருந்த பின்னறை சிறுத்துக்கொண்டே வந்தது. அந்த அறை இருந்தது ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். ஒவ்வொரு முடிவையும் நகலெடுத்ததும் 'எடுத்தாயிற்று' என்று சர்வர் அந்த ஃபைலில் ஒரு வரி எழுதிவைக்கும், யாரும் படிப்பதில்லை. பேக்அப்பில் எதையும் அழிக்கக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை. முதல் வருடம் சுவர்கள் ஒரு சாண் உள்ளே வந்தன. அடுத்த வருடம் பீரோவை வெளியேற்றினார்கள். அதற்கடுத்த வருடம் மின்விசிறிக்கு இறக்கைகளைக் குட்டையாக வெட்டி மாட்டினார்கள். கொத்தனார் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, சுவர் திடமாகத்தான் இருக்கிறது, அதுபாட்டுக்கு நடக்கிறது என்று சொல்லிப் போனார்.

அந்த அறையில் வேலை பார்த்தவர்கள் இரண்டு பெண்கள். சர்வரைக் கவனித்தவள் அண்ணி, கணக்கு எழுதியவள் நாத்தனார். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நாத்தனாருக்கு நிச்சயமான மாப்பிள்ளையைப் பற்றி, "இவர் சிரிக்கவே மாட்டேங்கிறாரே" என்று அண்ணி யாரிடமோ சொன்னது அவள் காதுக்கு வந்துவிட்டது. கல்யாணம் நடந்தது, பேச்சு நின்றது. ஆளுக்கொரு மூலையில் மேசை போட்டுக்கொண்டார்கள். மூலைகள்தான் நெருங்கி வந்தன. கடைசியில் ஒரு மேசையை எடுத்துவிட்டு, இன்னொன்றில் தோளோடு தோள் உரச உட்கார வேண்டியதாயிற்று. ஒருத்தி தும்மினால் மற்றவளின் பேனா கோணியது. அப்போதும் வாய் திறக்கவில்லை.

ஒரு பிற்பகலில் டிஸ்க் நிரம்பி நகலெடுப்பு நின்றது. அன்றைய முடிவுகள் தொலைந்தால் வந்தவர்களையெல்லாம் மறுபடி கூப்பிட்டு ஊசி குத்த வேண்டும். அதே நேரம் சுவர் மேசையைத் தள்ளிக் கதவோடு ஒட்டவைத்தது, கதவு திறக்கவில்லை. வெளியே முதலாளி, "அழிச்சுத் தொலைங்கம்மா!" என்று கத்தினார். அண்ணிக்குக் கை நீட்ட இடமில்லை. நாத்தனார் கீபோர்டைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க அண்ணி, நான் தட்டுறேன்."

"பழைய லாக் மட்டும். நகல் இருக்கிற பக்கம் போயிடாதே."

"இதா?"

"அதேதான். தட்டு."

அழிந்து முடியட்டும் என்று காத்திருந்தபோது நாத்தனார் சுவரைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னாள்: "அவர் இன்னும் சிரிக்கலை அண்ணி."

அண்ணி உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. ஒருத்தி குலுங்கியதில் மற்றவளும் குலுங்கினாள். உள்ளே மூச்சுத் திணறுகிறது என்று நினைத்து முதலாளி கதவை இடித்தார்.

"ஆனா தங்கமான மனுஷன்."

"தெரியும்மா. நான்தான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும்."

சுவர்கள் முனகிக்கொண்டே பழைய இடத்துக்குப் போயின. நகலெடுப்பு ஓடத் தொடங்கியது. ஒரு முடிவும் தொலையவில்லை. வெளியே போன மேசை திரும்பி வந்தது. ஒரு பென்சில் கேட்கக்கூடக் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த நாத்தனார், மூன்றாம் நாள் அந்தக் கோடியிலிருந்து, "அண்ணி, லாக் கொஞ்சம் வளரட்டுமே" என்றாள்.

பழைய லாக் ஞாயிறுதோறும் தானாகவே கழியும்படி அண்ணி ஏற்பாடு செய்தாள்; எவ்வளவு மிச்சம் வைப்பது என்பதை நாற்காலிகளைப் போட்டுப் பார்த்து முடிவு செய்தார்கள். அதன்பின் அறை திங்களன்று தாராளமாகவும் சனியன்று தோள் உரசும் அளவிலும் இருந்துவருகிறது. தரைவிரிப்பு போட வந்தவர் டேப்பை நீட்டுமுன், "எந்தக் கிழமைக்கு அளவு எடுக்கணும்?" என்று மட்டும் கேட்டார்.