பதிவேட்டின் வலப்பக்கம்

லிஸ்பன் நகரிலிருந்து கீழைக்கடலுக்கு நாகரிகத்தைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த மாபெரும் குடும்பம் ஒன்று, நூற்றைம்பது ஆண்டு மௌனத்தைக் கலைத்து, இன்று மாலை ஆறு மணிக்குத் தன் உரிமையை மீட்டெடுக்கிறது.

ஃப்ளெக்ஸில் இப்படித்தான் அச்சாகியிருந்தது. பட்டினப்பாக்கத்து மீன்கடைகளுக்கு எதிரே கட்டியிருந்தார்கள். குறுக்கே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் நின்றதால் போகிறவர் வருகிறவர் கண்ணுக்கு ‘மாபெரும் குடும்பம் இன்று மாலை ஆறு மணிக்கு’ என்பது மட்டும் தெரிந்தது. யாருக்குக் கல்யாணம் என்று இரண்டு பேர் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

குடும்பத்தின் தற்போதைய தலைவர் ஏசுராஜ் டயஸ். வயது அறுபத்துநான்கு. இன்சூரன்ஸ் கம்பெனியில் கோட்ட மேலாளராக ஓய்வு பெற்றவர், அடையாறு காந்தி நகரில் ஃப்ளாட். ஓய்வு பெற்ற மறுநாளே வம்சாவளி தேட ஆரம்பித்தார். நான்கு வருஷத்தில் ஒரு தடித்த ஃபைலும், மயிலாப்பூர் டிடிபி சென்டரில் போட்டு வாங்கிய ஒரு குலச்சின்னமும் சேர்ந்தன. சின்னத்தில் இருந்த சிங்கத்துக்குப் பூனையின் சாயல் கொஞ்சம் இருந்தது.

உரிமை என்று அவர் சொன்னது கொடியை. கடலோரத்துப் பங்குக் கோயிலின் வாசலில் ஒரு கொடிமரம் உண்டு. ஒரு காலத்தில் அது பாய்மரமாக இருந்தது. ‘கேப்டன் அந்தோனியோ டயஸ் உபயம், 1871’ என்று அடியில் ஒரு கல். ஆனால் திருவிழாக் கொடியை வருஷாவருஷம் கரையிலிருந்து தோளில் சுமந்துவருவது பட்டினப்பாக்கத்து மீனவக் குடும்பம் ஒன்று. போன வருஷம்வரை அப்பா சுமந்தார். அவர் இறந்துவிட்டதால் இந்த வருஷம் மகன் மிக்கேல், நாற்பத்தைந்து வயதுக்காரன், முதல்முறையாகச் சுமக்க வேண்டும். அதற்காக நாற்பது நாள் மீன் தொடாமல் விரதம் இருந்தான். மீன் பிடிக்கிறவனுக்கு அது சாதாரண விரதமல்ல.

மரம் கொடுத்தவர் வம்சம் இருக்க, வேறு யாரோ கொடி சுமப்பதா? ஏசுராஜ் மனு மேல் மனு போட்டார். ஆதாரமாகக் கோயிலின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டின் பக்கம் ஒன்றைச் செல்போனில் படமெடுத்து வைத்திருந்தார். அதில் அவருடைய கொள்ளுத்தாத்தா மனுவேலின் பெயர். பக்கத்திலேயே ‘அந்தோனியோ டயஸ், கேப்டன்’. புதிதாக வந்திருந்த பங்குச் சாமியாருக்கு இரண்டு பக்கத்தையும் பகைத்துக்கொள்ள விருப்பமில்லை.

“ஃபோட்டோ எல்லாம் வேணாம் சார். கொடியேத்தத்துக்கு முன்னாடி ஒரிஜினல் பதிவேட்டை ரெண்டு பேரும் உக்காந்து பாருங்க. அதுல கேப்டன் உங்க கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பான்னு இருந்தா நீங்க சுமங்க. இல்லன்னா மிக்கேல். அவ்ளோதான்.”

ஐந்து மணிக்குக் கோயில் அலுவலகத்தில் உட்கார்ந்தார்கள். ஏசுராஜ் வெள்ளை சூட், தோளுக்குக் குறுக்கே நீலப் பட்டை. மார்பில் பூனைச் சிங்கம். வெளியே முதல் வரிசை நாற்காலியில் அவருடைய புதுச் சம்பந்தி திருவான்மியூரிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார். கேப்டன் கதை முழுவதையும் பெண் பார்த்த அன்றே அவரிடம் சொல்லியாகிவிட்டது. மிக்கேல் காவி வேட்டியும் வெறும் தோளுமாய்ச் சுவரோரம் நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

பதிவேடுகளுக்குப் பொறுப்பு ஏஞ்சல். வெளிநாடு போகிறவர்களுக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் எழுதிக்கொடுத்தே பழைய லத்தீன் கையெழுத்து அவளுக்குப் பழகிவிட்டது. மூன்றாம் தொகுதியை இரண்டு கையாலும் தூக்கிவந்து மேஜையில் வைத்தாள்.

“சார், கை கழுவினீங்களா?”

“எதுக்கும்மா?”

“சமோசா சாப்ட்டீங்களே.”

கழுவிவந்தார். பக்கம் திறந்தது. மர ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து ஏஞ்சல் வாசித்தாள். “இருநூத்திப் பன்னெண்டு. ஆயிரத்து எண்ணூத்தி எழுபத்தொண்ணு, பிப்ரவரி பன்னெண்டு. பேரு மனுவேல். அடுத்த கட்டம், அந்தோனியோ டயஸ், கப்பல் கேப்டன்.”

“முடிஞ்சுதா?” ஏசுராஜ் எழுந்தேவிட்டார். “மிஸ்டர் மிக்கேல், தப்பா நினைக்காதீங்க. இது பர்சனல் இல்ல. ஹிஸ்டரி.”

மிக்கேல் சுவரோரத்திலிருந்தே கழுத்தை நீட்டினான். “நீ மேல பாத்துச் சொல்லு ஏஞ்சலு. அந்தக் கட்டத்துக்குத் தலையில இன்னா போட்டுக்கீது?”

ஏஞ்சல் ஸ்கேலைப் பக்கத்தின் உச்சிக்குத் தள்ளினாள். ஏசுராஜின் ஃபோட்டோவில் அந்த உச்சி விழவில்லை.

“ஞானத்தகப்பன்,” என்றாள். ஞானஸ்நானத்துக்குப் பொறுப்பேற்று நிற்பவர், பெற்றவர் அல்ல.

வெளியே பேண்டு வாத்தியம் ஒருமுறை முழங்கி நின்றது.

“ஞானத்தகப்பனும் தகப்பன்தானே,” என்றார் ஏசுராஜ்.

“நைனா, எனக்கு ஞானத்தகப்பன் ஐஸ் ஃபேக்டரி முதலாளி. நானு போயி ஃபேக்டரிய கேக்க முடியுமா?”

“பெத்த தகப்பன் பேரு எங்கம்மா இருக்கு? கேப்டனே ரெண்டு இடத்துலயும் இருக்கலாம்ல?”

“அது வலது பக்கம் சார். ஒரு பதிவு ரெண்டு பக்கத்துக்கும் ஓடும். நீங்க அன்னிக்கு ஃபோட்டோ எடுக்கறப்ப வலது பக்கத்து மேல உங்க முழங்கை இருந்துச்சு. நானும் சொன்னேன். ‘எனக்கு வேண்டியது கெடைச்சிடுச்சு’ன்னீங்க.”

கடல்காற்று வலப்பக்கத்தை அதற்கடுத்த தாளோடு ஒட்டிவைத்திருந்தது. மேல் மூலையில் நாலைந்து வரி மட்டும் தெரிந்தது. மீதி மடங்கி உள்ளே போயிருந்தது. ஏஞ்சல் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் அட்டையை எடுத்து மடிப்புக்குள் நுழைத்தாள். மணி ஐந்து இருபத்தைந்து.

“வேணாம்மா,” என்றார் ஏசுராஜ் திடீரென்று. “கிழிஞ்சுடும். ஹெரிடேஜ் ப்ராப்பர்ட்டி.”

“கிழிஞ்சா கிழியட்டும்,” என்ற மிக்கேல் உடனே பதறினான். “இல்ல இல்ல. மெதுவா எடு. சாமி சத்தியமா மெதுவா எடு.”

அட்டை ஒரு அங்குலம் போயிற்று. நின்றது. இன்னொரு அங்குலம். பொடியாய் ஏதோ உதிர்ந்தது. ஏசுராஜின் வெள்ளைக் காலர் நனைந்து கழுத்தோடு ஒட்டியது. நான்கு வருஷம், ஒரு ஃபைல், ஒரு சம்பந்தி. மிக்கேல் கண்ணை மூடி உதட்டுக்குள் ஜெபம் சொன்னான். தாள் பிரிந்தது.

ஏஞ்சல் உடனே வாசிக்கவில்லை. ஒருமுறை மனதுக்குள் படித்தாள். ஏசுராஜ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தகப்பன் பேரு வீராசாமி. கட்டுமரக்காரர். ஞானஸ்நானம் வாங்கினவருக்கு வயசு இருபத்திநாலு.”

“இருபத்திநாலு மாசமா இருக்கும்.”

“வருஷம் சார். மீசையோட வந்திருப்பார்.”

மிக்கேல் கண்ணைத் திறந்தான். சிரிக்கவில்லை. ஏஞ்சல் ஸ்கேலை மேலும் கீழும் நகர்த்தினாள். “இருநூத்தி ஒம்போதுலேர்ந்து இருநூத்திப் பதினாலு வரைக்கும் அன்னிக்கு ஆறு பேரு. ஆறு பேருக்கும் இவருதான் ஞானத்தகப்பன். கப்பல் பதினோரு நாள் நின்னுச்சுன்னு ஓரத்துல சாமியார் குறிப்பு எழுதிருக்கார். அப்பல்லாம் ஞானத்தகப்பன் குடும்பப் பேரைத்தான் வச்சிக்குவாங்க.”

ஒரே காலையில் ஆறு டயஸ்கள்.

“எங்க சித்தப்பன் ஊட்லகூட டயஸ்தான் நைனா,” என்றான் மிக்கேல். “வள்ளம் ரிப்பேர் பாக்கறாரு.”

இந்த இடத்தில் எழுந்து போயிருந்தால் ஏசுராஜ் பாதி மானத்தோடு போயிருப்பார். ஆனால் முப்பத்தைந்து வருஷம் கிளெய்ம் மறுத்த மனிதருக்குத் தன் கிளெய்மை மட்டும் விட மனம் வரவில்லை.

“ஓகே. பிறப்பு அப்படி. வளர்ப்பு? பதினோரு நாள்ல கப்பல் போயிருக்கலாம், கேப்டன் போனாரா? மனுவேலைத் தத்து எடுத்துத் தன் பங்களாவுல வச்சிருக்கலாம். அவர் எங்க குடியிருந்தார்னு எடும்மா. அதுக்கு ரெக்கார்ட் இல்லையா?”

“வேணாம் சார்,” என்றாள் ஏஞ்சல்.

“ஏன் வேணாம்? மறைக்கிறீங்களா?”

அவள் போய்க் குடும்பப் பதிவேட்டை எடுத்துவந்தாள். அந்தக் காலத்துச் சாமியார்கள் வீடு வீடாகப் போய், தலைக்கட்டு யார், கூட இருப்பவர்கள் யார், யார் என்ன தொழில் என்று எழுதிவைத்த புத்தகம். 1874. மணி ஐந்து ஐம்பது. பங்குச் சாமியார் பூசை உடையோடு கதவில் தலையை நீட்டினார்.

“ஆயர் வந்துட்டார். யார் தோள்ல போடறது?”

“ரெண்டே நிமிஷம் ஃபாதர்!” என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

ஏஞ்சலின் ஸ்கேல் இறங்கிவந்து நின்றது. “வீடு முப்பத்தொண்ணு. மனுவேல் டயஸ் இங்கதான் இருக்கார்.”

“பங்களாவா?”

“ஓலை வீடு. தலைக்கட்டு சவரிமுத்து. ரெண்டு வள்ளத்துக்குச் சொந்தக்காரர்.”

மிக்கேல் சுவரை விட்டு முன்னால் வந்தான். “சவரிமுத்தா? எங்க அப்பாவோட கொள்ளுப்பாட்டனுக்கு அப்பன் பேரு அது. முப்பத்தொண்ணு எங்க ஊடு!”

“அவரு மக மரியம்மாள். மரியம்மாளுக்குப் புருஷன் மனுவேல்.” ஏஞ்சலின் விரல் அடுத்த கட்டத்தை நோக்கி நகர்ந்தது.

ஏசுராஜ் புத்தகத்தை மூடினார். அவளுடைய விரல் உள்ளே மாட்டிக்கொண்டது. “போதும்,” என்றார்.

மிக்கேல் விரலில் தலைமுறைகளை எண்ணினான். இரண்டு தரம் எண்ணினான். பிறகு அவன் முகம் முழுவதும் மாறியது. “அப்போ நீ எனக்கு மாமா முறை! இத சொல்லாம நாலு வருசமா பெட்டிசன் போட்டுக்கினு இருந்தியே மாமா!”

“மிஸ்டர் மிக்கேல்…”

“இன்னா மிஸ்டரு? வா மாமா. கொடிய நானு தூக்கறேன், நீ பக்கத்துல நட. எங்க ஊட்டு மாப்ள வம்சம் பின்னாடி நடந்தா நல்லாவா கீது?”

கேட்டவர் யாரும் மறுக்க முடியாத குரல் அது. வெள்ளை சூட்டின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வெளியேறினான். மணலில் ஷூ புதைய, ஏசுராஜ் பக்கவாட்டில் நடந்தார். மிக்கேலின் தோளில் கொடி. முதல் வரிசையைக் கடக்கும்போது சம்பந்தி பாதி எழுந்து, “சுமக்கலையா?” என்றார்.

“பழைய உறவு விட்டுப்போச்சு, அதைப் புதுப்பிச்சிருக்கோம்,” என்றார் ஏசுராஜ். “எங்க முன்னோர் இவங்க படகுத் தொழிலுக்கே ஆலோசகர் மாதிரி இருந்திருக்கார். ரெக்கார்ட்ல இருக்கு.”

சம்பந்தி தலையாட்டினார். ஏசுராஜுக்கு அன்று முதல்முறையாக மூச்சு சீராக வந்தது.

கொடி உச்சிக்குப் போய் விரிந்தது. வாணம் வெடித்தது. பங்குச் சாமியார் மைக்கைப் பிடித்தார். இரு தரப்பும் சமாதானமான மகிழ்ச்சியில், பதிவேட்டில் இருந்ததை எழுதித் தரும்படி ஏஞ்சலிடம் ஏற்கெனவே ஒரு துண்டுச்சீட்டுக் கேட்டிருந்தார். அவளும் கட்டம் விடாமல் எழுதிக்கொடுத்திருந்தாள். சாமியார் சீட்டை முன்கூட்டிப் படித்துப் பார்க்கிற பழக்கம் இல்லாதவர். கடற்கரை முழுக்க நாலு ஸ்பீக்கரில் அது ஒலித்தது.

“மனுவேல் டயஸ். வயது இருபத்தேழு. தொழில் இல்லை. சாப்பாடு மாமனார் வீட்டில்.”