தொப்பிகளில் போன சாயம்

யுன்ஃபெங்கின் வீட்டின்மேல் மட்டும் மூன்று வருடம் சாயம் பெய்தது. அதற்கு முன் அந்த வீட்டில் நடந்த கடைசிச் சாதாரணக் காரியம், அவள் கணவன் தாங் பைலின் வேலை முடிந்து வந்து கை கழுவியதுதான். மாதுளை பூத்திருந்த மே மாதம், மாலை ஆறு மணி. முற்றத்துக் குழாயடியில் குந்தி உட்கார்ந்து மூன்று முறை சோப்புப் போட்டுத் தேய்த்தார். ஒன்பது விரல்கள் வெளுத்துவிட்டன. வலது கட்டைவிரலில் மட்டும் ஒரு இளஞ்சிவப்பு, கைக்குழந்தையின் கன்னத்து நிறம், போகாமல் நின்றது.

"யோவ் தாங், அந்தக் கையோட நூடுல்ஸைத் தொடாத. நார் போட்டுத் தேயி," என்றாள் அடுப்படியிலிருந்து.

"ரெண்டாயிரத்து எரநூறு வருசத்துச் சாயம்டி இது. நாரு என்ன பண்ணும்?"

"அத்தன வருசம் மண்ணுக்குள்ள கெடந்தது ஒன் கையில வந்து ஒட்டிக்கத்தானா? வினிகர் ஊத்தித் தேயி, போயிரும்."

"வினிகர் தீந்துபோச்சுன்னு காலையிலயே சொன்னேன். நாள் பூராப் பேசுறவளுக்குக் காது எதுக்குன்னு எங்கயாவது கழட்டி வச்சுட்டியோ என்னவோ."

அவள் ஏப்ரனைக் கூடக் கழற்றாமல் தெருக்கோடிக் கடைக்குப் போனாள். கடையில் கூட்டம். பாட்டிலோடு திரும்பி வர இருபது நிமிடம் ஆனது. பைலின் மாதுளை மரத்தில் முதுகைச் சாய்த்து முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கைகள் முழங்கால்மேல் இருந்தன, உலர்ந்திருந்தன. மூச்சு இல்லை. டாக்டர் இதயம் என்று எழுதினார். வயது ஐம்பத்திரண்டு.

சீனத்து லின்தோங்கில் முதல் பேரரசரின் கல்லறையோடு புதைத்த களிமண் படையை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைக்கின்றன. சிலர் அதைத் தோண்டுகிறார்கள், சிலர் துடைக்கிறார்கள், சிலர் அதன் பொம்மை செய்து விற்கிறார்கள். பைலின் அதன் நிறத்தைக் காவல் காத்தவர். புதைக்கப்பட்ட நாளில் அந்த வீரர்கள் சாம்பல் நிறத்தில் இல்லை. சிவப்புக் கழுத்துப்பட்டை, பச்சைச் சட்டைக்கை, ஊதாக் கால்சட்டை என்று திருவிழாக் கூட்டம் போல இருந்தார்கள். மண்ணின் ஈரம்தான் அந்த அரக்குப் பூச்சைப் பிடித்து வைத்திருந்தது. மண் விலகி வெளிக்காற்று பட்டால் நாலு நிமிடத்தில் அரக்கு சுருண்டுவிடும், சாயம் அதோடு உதிர்ந்துவிடும். அந்த நாலு நிமிடத்துக்குள் மருந்து தெளித்து, பிளாஸ்டிக் தாள் சுற்றி, சுருளும் ஓரத்தை அமுக்கிப் பிடிப்பது அவர் வேலை. இருபத்தாறு வருடத்தில் அவர் காப்பாற்றியது ஒரு கழுத்துப்பட்டை, இரண்டு சட்டைக்கை ஓரம், பாதிக் காது. முழு முகம் ஒன்று கூட இல்லை.

சாகிற அன்று மதியம் ஒரு முழு முகம் வந்தது. இளஞ்சிவப்புக் கன்னம், சிவந்த உதடு, ஒவ்வொரு மயிராக வரைந்த புருவம். பைலின் இடது கையில் மருந்துத் தெளிப்பானோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு நிமிடமும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கன்னம் சுருண்டது. அவர் பாய்ந்து இடது காதுக்குக் கீழே கட்டைவிரலால் அமுக்கினார். அமுக்கிய துண்டு விரலோடு வந்துவிட்டது, மற்றதெல்லாம் தூசியாகிக் காற்றில் போனது. அன்றைய பணிக்குறிப்பில் அவரே எழுதிக் கையெழுத்திட்டார்: "நிறம்: இழக்கப்பட்டது. காரணம்: நான் பார்த்துக்கொண்டிருந்தேன்." பிறகு வீட்டுக்கு வந்து கை கழுவினார்.

இதை யுன்ஃபெங்குக்குச் சொன்னவர் பழுதுபார்ப்புப் பிரிவின் தலைவி டாக்டர் மியாவ். துக்கத்துக்கு வந்தவர், சொல்லலாமா வேண்டாமா என்று முற்றத்தில் இரண்டு சுற்று நடந்துவிட்டுச் சொன்னார். உடலைக் கழுவும்போது யுன்ஃபெங் புது வினிகர் பாட்டிலைத் திறந்து அந்தக் கட்டைவிரலை அவளே தேய்த்தாள். போகவில்லை. அப்படியே கோதுமை வயலோரம் அடக்கம் செய்தார்கள். அவள் அழுதாள், வந்தவர்களுக்குச் சோறு போட்டாள், பாத்திரம் கழுவினாள். கழுவும்போதே ஒன்றை முடிவு செய்துகொண்டாள். அந்த மனிதனைப் பற்றிய கடைசி வரி அதுவாக இருக்கக் கூடாது. எப்படி மாற்றுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாததால் முடிவு ஒன்றும் தளரவில்லை.

எட்டாம் நாள் வேலைக்குப் போனாள். பத்தொன்பது வருடமாக அவள் ஒருநாள் சுற்றுலாவின் கைடு. காலை ஏழு நாற்பதுக்கு சியான் நகரத்தில் முப்பது பேருக்கு முப்பது சிவப்புத் தொப்பி மாட்டி, ஓட்டுநர் ஹுய்யின் பஸ்ஸில் ஏற்றி, கொடியைத் தூக்கிக்கொண்டு படை நிற்கும் குழிகளைச் சுற்றிக் காட்டி, மாலையில் தொப்பிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு விட்டுவிட வேண்டும். தொப்பிகளைத் துவைத்து வருவதும் அவள் பொறுப்பு. இடுப்பில் கட்டிய ஒலிபெருக்கியில் அவள் தினம் ஒருமுறை, "இவங்க எல்லாரும் ஒரு காலத்துல கலர் கலரா நின்னவங்க," என்பாள். ஜனங்கள் கீழே சாம்பல் வரிசைகளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்பார்கள்.

நாற்பத்தொன்பதாம் நாள், ஏழாவது வாரச் சடங்குக்குக் காகிதம் எரித்து முடித்த மாலை ஆறு மணிக்குச் சாயம் பெய்யத் தொடங்கியது. முதலில் இளஞ்சிவப்பு, அரிசி மாவு சலிப்பது போல மெல்லிசாக. மறுநாள் சிவப்பு. பிறகு புருவத்துக் கறுப்பு. ஓடு, மாதுளை, கொடியில் காயும் துணி, ஊறுகாய்ச் சாடி எல்லாவற்றின்மேலும் விழுந்தது. மதில் தாண்டி ஒரு துளி போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் முன்ஜாக்கிரதையாகத் தன் காய்கறிப் பாத்திமேல் தார்ப்பாய் கட்டினார். ஒரு மாதம் பார்த்துவிட்டு, வெயில் கிடைக்காமல் கீரை வெளுத்ததால் அவிழ்த்துவிட்டார். கிராமக் கமிட்டியிலிருந்து மூன்று பேர் வந்து குடை பிடித்து நின்று பார்த்து, "உள்ளூர் வானிலை" என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

யுன்ஃபெங் தினமும் பெருக்கிச் சாடிகளில் சேர்த்தாள். ஒரு சாடியை டாக்டர் மியாவிடம் கொண்டுபோனாள். மியாவ் அதை உருப்பெருக்கிக் கண்ணாடிக்கு அடியில் வைத்து இரண்டு நாள் பார்த்தார். சிவப்புக்குச் சாதிலிங்கம், வெள்ளைக்கு எலும்புச் சாம்பல், அரக்கு, எல்லாம் அந்த முகத்தினுடையதுதான். சந்தேகமே இல்லை.

"அப்ப அந்த முகத்துலயே திரும்ப வச்சிருங்க," என்றாள் யுன்ஃபெங்.

"எப்படிக்கா வைக்கிறது? தூரிகை எடுத்தா அது பெயின்ட் அடிக்கிறது. வெளியிலேர்ந்து ஒரு துளி வைக்கக் கூடாது, அதான் எங்க தொழிலு. நான் தூரிகையைத் தொட்டாலே தாங் அண்ணன் குழியிலேர்ந்து எந்திரிச்சு வந்து என் கையை ஒடிப்பாரு."

"ஒடிப்பாரு," என்று அவள் ஒத்துக்கொண்டாள். சாடியைத் துணியில் கட்டித் திரும்ப எடுத்து வந்தாள்.

வழி கிடைத்தது செப்டம்பரில். முதல் நாள் மாலை கொடியில் காயவிட்ட தொப்பிகளை உதற மறந்து அப்படியே சாக்கில் அள்ளிப் போயிருந்தாள். ஹார்பினிலிருந்து வந்த ஒரு பருத்த மனிதர், மீன் வியாபாரி, முதலாம் குழியின் பின்கோடிக் கம்பியில் சாய்ந்து கீழே பார்த்தார். பழுதுபார்க்கப்படும் வீரர்கள் நிற்கும் இடம் அது. அந்த முகமும் அங்கேதான் இருந்தது. வாய் திறந்தபடி அவர் பார்த்துக்கொண்டிருக்கையில், அவர் தொப்பியிலிருந்து இளஞ்சிவப்பு எழுந்து, கூரை விசிறிகளின் காற்றுக்கு எதிராக, அவசரமில்லாமல் கீழே இறங்கி, வீரனின் மூக்கு நுனியில் உட்கார்ந்தது. மூக்கு நுனி சிவந்தது. மீன் வியாபாரி ஒரு தும்மல் போட்டுவிட்டு நகர்ந்தார். யுன்ஃபெங் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒலிபெருக்கி வெறுமனே இரைந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து அவள் தொப்பிகளை உதறவில்லை. சில வாரங்களில் விதிகளும் பிடிபட்டன. அவள் தன் தலையில் சுமந்துபோனால் சாயம் அசையாது. கையில் ஏந்திப்போனாலும் அசையாது. அந்த வீரர்களை முதல் தடவையாகப் பார்க்கிறவர் தலையிலிருந்துதான் எழும்பும். அவரும் பார்க்க வேண்டும். போனை நீட்டிப் படம் எடுத்தவர்களின் தொப்பி அழுக்காகவே திரும்பியது. கைடின் வாயைப் பார்த்தவர்களுடையதும் அப்படியே. பத்தொன்பது வருடம் பேசிப் பிழைத்தவள் இதைப் புரிந்துகொள்ள ஒரு மாதம் ஆனது. புரிந்த நாளில், பின்கோடிக் கம்பி வந்ததும் ஒலிபெருக்கியை அணைத்தாள். "இங்க நாலு நிமிசம் நான் பேசமாட்டேன். போனை உள்ள வச்சுட்டு சும்மா பாருங்க," என்றாள்.

நாலு நிமிடம் என்பது சுற்றுலாக்காரர்களுக்கு நீளமான காலம். "கைடுக்கு வாய் வலிக்குது போல," என்றார்கள். "மறந்துட்டாங்கப்பா, பாவம்," என்றார்கள். நிறுவனத்துக்குப் புகார்கள் போயின. மேலாளர் கூப்பிட்டு, பேசாத கைடு என்பது ஓடாத பஸ் மாதிரி என்றார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு, மறுநாளும் நாலு நிமிடம் பேசாமல் நின்றாள். வழியில் பளிங்குக் கடையில் நிறுத்தும் அரைமணி நேரத்தை வெட்டி அதையும் குழிக்கே கொடுத்தாள். ஒரு தொப்பியில் போனது ஒரு கடுகுக்குக் கூட வராது. முதல் வருடம் முடிந்தபோது மூக்கும் ஒரு பக்க உதடும் திரும்பியிருந்தன. டாக்டர் மியாவ் தினம் காலையில் வந்து பார்த்துவிட்டு, எதையும் தொடாமல், எதையும் கேட்காமல் போனார். அந்த முகத்தின்மேல் மட்டும் பிளாஸ்டிக் தாள் சுற்ற வேண்டாம் என்று சொல்லிவைத்தார்.

யுன்ஃபெங் லீவு எடுக்கவில்லை. காய்ச்சலோடு போனாள், பல் பிடுங்கிய கன்னத்தோடு போனாள். இரண்டாம் வருடம் ஜனவரியில் பனி கொட்டிய ஒரு காலை, முப்பது பேரில் ஒரே ஒருவர் வந்து நின்றார். குய்யாங்கிலிருந்து வந்த பல் டாக்டர்.

"ஒத்த ஆளுக்கு முப்பத்தஞ்சு சீட்டு பஸ்ஸா?" என்றார் ஹுய். "அந்தாள முதுகுல தூக்கிட்டுப் போயேன்."

"தூக்கிருவேன் அண்ணே. ரோடு வழுக்குதேன்னுதான் ஒன்னக் கேக்குறேன்."

"செத்தவனுக்காக பஸ் ஓட்டுறவன் இந்த மாகாணத்துலயே நான் ஒருத்தன்தான் இருப்பேன்."

"செத்தவன் ஒன் மக கல்யாணத்துல நூத்தம்பது பேருக்கு வெங்காயம் உரிச்சவன். வண்டிய எடு."

ஹுய் எடுத்தார். பல் டாக்டர் கம்பளித் தொப்பிக்கு மேல் சிவப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, ஆளில்லாத குழியின் பின்கோடியில், நாலு நிமிடம் என்று யாரும் சொல்லாமலே கால்மணி நேரம் நின்று பார்த்தார். அன்று இடது புருவம் முழுவதும் வந்துவிட்டது. திரும்பும்போது அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், அந்த வீரனுக்கு என்ன வயதிருக்கும் என்று. "நாப்பதுக்குள்ளதான்," என்றாள் யுன்ஃபெங். இருபது வருடத்தில் அவளை யாரும் அதைக் கேட்டதில்லை.

பிறகு தொற்றுநோய்க்குப் பயந்து ஊரெல்லாம் கதவடைத்த வசந்தம் வந்தது. குழிகள் மூடிக் கிடந்தன, பஸ் தூசி மண்டி நின்றது. சாயம் மட்டும் மாலை ஆறு மணிக்குத் தவறாமல் பெய்தது. அவள் முப்பது தொப்பிகளையும் கொடியில் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். தொப்பிகள் கனத்துப் போயின. வாசல் திறந்த முதல் வாரத்தில் வந்தவர்கள் முகக்கவசம் போட்டிருந்தார்கள். கண் மட்டும்தான் தெரிந்தது. அந்த வாரத்தில் மட்டும் இரண்டு கன்னமும் நிரம்பின.

அதற்கு அடுத்த வருடம் மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்குச் சாயம் பெய்யவில்லை. யுன்ஃபெங் முற்றத்தில் ஏழு மணிவரை முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்து, "நின்னுருச்சா அண்ணி?" என்றார். "நின்னுருச்சு," என்றாள். மறுநாள் துணியெல்லாம் துணியின் நிறத்திலேயே காய்ந்தது.

முகம் வந்துவிட்டது. பெய்ஜிங்கிலிருந்து பதினொரு பேர் கருவிகளோடு வந்து தங்கிப் பார்த்தார்கள். பூச்சு அசல், சுருளவில்லை, காரணம் தெரியவில்லை என்று எழுதினார்கள். டாக்டர் மியாவ் பழைய பணிக்குறிப்பை எடுத்தார். அதில் எதையும் அழிக்கக் கூடாது என்பது வழக்கம்; கீழே சேர்க்கலாம். பைலினின் வரிக்குக் கீழே, "நிறம்: உள்ளது," என்று எழுதிவிட்டுப் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி யுன்ஃபெங்கைப் பார்த்தார்.

"ஒரே ஒரு எடம் மட்டும் வரலக்கா. காதுக்குக் கீழ. தேடிப் பாக்கலாமா? சாடியில ஏதாவது..."

"தேட வேணாம். அது அவரு கையில இருக்கு," என்றாள் யுன்ஃபெங். "இருக்கட்டும்."

மியாவ், "ஓரிடம் தவிர," என்று சேர்த்துக் கையெழுத்திட்டார்.

இப்போது எல்லா நிறுவனத்து பஸ்களும் அந்தப் பின்கோடிக் கம்பிக்கு வருகின்றன. மற்ற கைடுகள் நிறைய பேசுகிறார்கள். யுன்ஃபெங் துவைத்த தொப்பிகளை மாட்டிவிட்டு, ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, நாலு நிமிடம் நிற்கிறாள். கன்னம் சிவந்து, உதடு சிவந்து, புருவம் மயிர் மயிராக நிமிர்ந்து அந்த வீரன் எதிரே பார்த்துக்கொண்டிருக்கிறான். இடது காதுக்குக் கீழே, ஒரு கட்டைவிரல் அளவு மட்டும், இன்னும் வெறும் மண்.